கேட்காமல் எழுதிய ‘இல்லை’

சென்ற ஆண்டு, ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கொடி வெட்டும் கவாத்து வேலை முடிந்திருந்த வாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் இது நடந்தது. ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். தவறு என்னுடையது, அவற்றுக்கு அதில் பங்கில்லை.

நான் பதினைந்து ஆண்டு வேலை பார்த்த செவிலி. தேனியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். முப்பத்தெட்டாம் வயதில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, செவிலியருக்கான இரண்டாண்டு மேற்படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்டு, உடலைத் தலை முதல் கால் வரை ஆராய்ந்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று கணித்து, மருத்துவரின் மேற்பார்வையில் சிகிச்சையைத் தொடங்கவும் கூடிய செவிலியரை உருவாக்கும் படிப்பு அது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை முழுவதும் கேட்கும் பொறுமை எங்கள் பக்கத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

“இத முடிச்சா டாக்டராயிருவியா?” என்பார்கள். ஆக மாட்டேன் என்பேன். “அப்பறம் எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்பார்கள். பேருந்தில் கேட்டார்கள், காதுகுத்துப் பந்தியில் கேட்டார்கள், காய் வாங்கும் இடத்தில் கேட்டார்கள். என் நாத்தனார் கேட்கும் விதம் வேறு. “மகனும் பத்தாப்புப் படிக்கிறான், ஆத்தாளும் படிக்கிறா. அந்த வீட்ல சோறு பொங்குறது யாரு?” என்று என் கணவரைப் பார்த்துக் கேட்பார். “நாந்தேன்” என்பார் அவர், அதில் ஏதோ பெருமை இருப்பதுபோல. அந்தப் பெருமையும் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. அவர் வைக்கும் சாம்பாரைத் தின்றவர்களுக்குக் காரணம் தெரியும்.

மருத்துவமனைக்குள் நிலைமை இன்னும் மோசம். பயிற்சிக்குச் சென்ற இடங்களில் செவிலியர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாகக் கொள்ளவில்லை. “குட்டி டாக்டரு வர்றாக, எந்திரிச்சு நில்லுங்கடி” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். மருத்துவர்களுக்கோ நான் யார் என்பதே விளங்கவில்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நோயாளியின் முதுகில் நான் மூச்சொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது, “சிஸ்டர், அந்த அஞ்சாம் பெட்டுக்கு டிரிப் முடிஞ்சுடுச்சு பாருங்க” என்பார்கள். போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மூச்சொலியைக் கேட்பேன். நோயாளி அதற்குள், “டாக்டரு எப்ப வருவாக?” என்று என்னிடமே கேட்பார்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பதிவேடு.

நாங்கள் ஆராய்ந்த ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். வரலாறு, பரிசோதனை, கணிப்பு, சிகிச்சை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடியில் மேற்பார்வை மருத்துவர் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். குறித்த எண்ணிக்கையில் பக்கங்கள் நிறையாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. பக்கம் நிரப்புவது எளிது. கையெழுத்து வாங்குவதுதான் தவம். எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் வெளிமாவட்டத்துக்காரர், நல்ல மருத்துவர், மெதுவாகப் பேசுபவர். “வைங்கம்மா, பாக்கறேன்” என்பார். வைப்பேன். மாலையில் வைத்த இடத்திலேயே இருக்கும், மேலே ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டத்தோடு. மறுநாள் அவர் வெளிநோயாளிப் பிரிவில் இருப்பார். அதற்கு மறுநாள் முத்திரை பூட்டிய மேசைக்குள் இருக்கும். சாவி அவர் வீட்டில் இருக்கும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் குறைந்தது. அது சாதாரணக் காய்ச்சலாகவோ வயிற்றுப்போக்காகவோ இருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்த ஒருவரை நான் முதலில் ஆராய்ந்ததாக இருக்க வேண்டும். இப்படி ஒரு நோயாளி வர வேண்டுமென்று காத்திருப்பது எத்தனை அற்பமான மனநிலை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காத்திருந்தேன்.

புதன்கிழமை பிற்பகல், உணவு வேளை கடந்த சற்று நேரத்தில், ஆட்டோவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அவருடைய அண்ணன் மனைவி கைத்தாங்கலாக அழைத்துவந்தார். அவரும் அதே தோட்டத்தில் அதே வேலை செய்பவர். நோயாளியின் முகமும் கழுத்தும் நெஞ்சின் மேற்பகுதியும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோலச் சிவந்திருந்தன. கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு பார்க்கவே அச்சமூட்டியது. நாடி குதிரைபோல ஓடியது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. இருமுறை வாந்தி எடுத்தார்.

மருத்துவர் அறுவைக் கூடத்தில் இருந்தார். அவர் வரும்வரை செய்ய வேண்டியதை நான் செய்தேன். படுக்க வைத்துக் காலை உயர்த்தினேன், பிராணவாயு வைத்தேன், ஊசியேற்றி டிரிப் தொடங்கினேன், ஈ.சி.ஜி. எடுத்தேன். மருத்துவர் வந்து பார்த்து, ஏதோ கடும் ஒவ்வாமை என்று கருதி அதற்குரிய ஊசிகளைப் போட்டார். மாலை நான்கரை மணிக்குள் சிவப்பு வடிந்தது, அழுத்தம் ஏறியது. நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

எனக்கு நிம்மதி. அவர் பிழைத்தார் என்பதோடு, என் பக்கமும் கிடைத்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டில் அருகே உட்கார்ந்தேன்.

முறைப்படி கேட்டேன். எப்போது தொடங்கியது, என்ன உண்டார், முன்பு இப்படி ஆனதுண்டா, எல்லாம் கேட்டேன். “தோட்டத்துல பூச்சி மருந்து ஏதும் அடிச்சீகளா?” என்று கேட்டேன்.

“இல்ல சிஸ்டரு. நாலு நாளா மொட்டுக்கு மருந்து தொட்டு வச்சோம். நேத்தோட முடிஞ்சுது. அது பூச்சிக்கு அடிக்கிறது இல்ல. கவாத்து வெட்டுனதுக்கப்பறம் மொட்டெல்லாம் ஒண்ணுபோல வெடிக்கணும்னு குச்சில துணியச் சுத்தித் தொட்டுத் தொட்டு வைக்கிறது.”

அவருடைய விரல் நுனிகளில் ஏதோ நீலச் சாயம் ஒட்டியிருந்தது. அதையும் எழுதினேன். பூச்சிமருந்து நஞ்சுக்குரிய அறிகுறிகள் எவையும் இல்லை என்று கண்பாவையைப் பார்த்து உறுதிசெய்து, அதையும் எழுதினேன்.

“வேற மாத்திர மருந்து ஏதும் சாப்பிடுறீகளா?”

“மாத்திரையே எனக்கு ஆகாது சிஸ்டரு. சுகரு இல்ல, பி.பி. இல்ல, ஒண்ணும் இல்ல.”

அடுத்து மூன்று கட்டங்கள். குடிப்பழக்கம், புகைப்பழக்கம், புகையிலை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் மூன்றிலும் ‘இல்லை’ என்று எழுதினேன். கேட்கவில்லை.

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆண் நோயாளியாக இருந்தால் இந்தக் கேள்விகளை நான் விடுவதே இல்லை. எத்தனை ஆண்டாக, எந்த வகை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று நான்கு கிளைக் கேள்விகளும் கேட்பேன். பெண்களிடம் கேட்பதில்லை. பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருமுறை கேட்டேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, “ஏத்தா, என்னையப் பாத்தா குடிகாரியாட்டமா தெரியுது?” என்று கட்டிலிலிருந்து இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேறு செவிலியைக் கூப்பிடச் சொன்னார். தலைமைச் செவிலி விழுந்து விழுந்து சிரித்தார். “பொம்பளைகளுக்கு இல்லைன்னு போட்டுட்டுப் போவியா” என்றார். அன்றிலிருந்து போட்டுக்கொண்டுதான் போகிறேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். மேற்படிப்பின் முதல் பருவம் முழுவதும் வரலாறு கேட்கும் கலையைத்தான் படித்தேன். எதையும் ஊகிக்காதே, கேள் என்பதை ஒரு தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினேன்.

வியாழன் காலை மருத்துவர் பார்வையிட வந்தபோது பதிவேட்டை நீட்டினேன். வியப்பிலும் வியப்பாக, கையில் பேனாவும் பையில் முத்திரையும் இருந்தன. பக்கத்தை ஓட்டமாகப் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க. காரணம் மட்டும் புரியல. ஒவ்வாமைன்னா எதுக்கு ஒவ்வாமை? இன்னிக்கும் இருக்கட்டும், சாயங்காலம் பாத்துட்டு அனுப்பிடலாம்” என்று கையெழுத்திட்டு முத்திரையும் வைத்தார். நான் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினேன். ‘முடிந்தது’ என்ற ஒரு சொல்லோடு.

பகல் ஒன்றரை மணிக்கு அந்தப் பெண்ணின் கட்டில் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஓடினேன்.

அதே சிவப்பு, அதே மூச்சிரைப்பு. ஆனால் முந்தைய நாளைவிடக் கொடியது. நாடி விரலுக்குச் சரியாகச் சிக்கவில்லை. அழுத்தம் பார்க்கும் கருவி எண்ணையே காட்டவில்லை. “சிஸ்டரு, கண்ணு தெரியல. எங்கன இருக்கீக?” என்று காற்றில் கை துழாவினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு செவிலி மருத்துவரை அழைக்க ஓடினார். காலை உயர்த்தி, டிரிப்பை முழு வேகத்தில் திறந்து, இரண்டாவது கையிலும் ஊசியேற்ற நரம்பு தேடினேன். நேற்று ‘ஒவ்வாமை’ என்று எழுதிய என் கணிப்பை நினைத்துக்கொண்டே தேடினேன். மருத்துவமனைக்குள் படுத்திருப்பவருக்கு, நாங்கள் கொடுத்த உணவை மட்டுமே உண்டவருக்கு, எதனால் மறுபடியும் ஒவ்வாமை வரும்?

அண்ணன் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கத்தவில்லை, ஏதோ தமக்குள் கணக்குப் பார்ப்பவர்போலச் சொன்னார்.

“மருந்து தொட்ட வாரத்துல குடிச்சுட்டு வர்ற ஆம்பளைகளுக்குத்தேன் மூஞ்சி இப்பிடி ஆகும்.”

“என்ன சொன்னீக?”

“அதேன் சிஸ்டரு, மொட்டு மருந்து. அதத் தொட்டுட்டு ஒரு வாரத்துக்குத் தண்ணி போடக் கூடாது. போட்டா இப்பிடித்தேன் செவந்து போயி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, விழுந்துருவாக. வருசா வருசம் தோட்டக்காரரு சொல்லுவாக, ‘ஏலே, ஒரு வாரம் கடப் பக்கம் போயிராதீக’ன்னு. எங்க வீட்டாளு ஒருக்கா கேக்காமக் குடிச்சுட்டு வரப்புலயே கெடந்தாரு.”

“இத ஏன் நேத்தே சொல்லல?”

“நீங்க கேக்கலையே. சொல்றதுக்கு இவ என்ன குடிகாரியா?”

நரம்பு கிடைத்தது. இரண்டாவது டிரிப்பையும் ஓடவிட்டேன். அப்போதுதான் அண்ணன் மனைவியின் கையிலிருந்த எவர்சில்வர் தம்ளர் கண்ணில் பட்டது. அடியில் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இவுகளுக்கு இப்ப என்ன குடுத்தீக?”

“அரிஷ்டம், ஆயுர்வேத மருந்து. தெம்புக்கு. ஏலத்தோட்டத்துக்குப் போற எங்க சொந்தக்காரப் பிள்ள குமுளியிலருந்து வாங்கியாந்துச்சு. நேத்து மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு மூடி குடிச்சா. நேத்து விழுந்ததுல ஒடம்பு அசந்துபோச்சேன்னு இன்னைக்கு அரத் தம்ளரு ஊத்திக் குடுத்தேன்.”

தம்ளரை வாங்கி முகர்ந்தேன். வெல்லமும் கிராம்பும் மணந்தன. அவற்றுக்கு அடியில், எல்லா மருத்துவமனைச் செவிலிகளுக்கும் தெரிந்த அந்த மணம் இருந்தது. கூடையிலிருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். தானாகப் புளித்து உண்டாகும் ஆல்கஹால் இதில் இருக்கிறது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

மருத்துவர் வந்தார். மூன்று வாக்கியங்களில் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நோயாளியைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நாங்கள் இருவரும் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. இதற்கிடையே அண்ணன் மனைவி தோட்டத்துக்குத் தொலைபேசியில் பேசி, மொட்டு மருந்துக் கேனின் படத்தை அனுப்பச் சொன்னார். படம் வந்தது. மருத்துவர் அதைப் பெரிதாக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். இந்த மருந்தைக் கையாளும் நாள்களிலும் அதன் பிறகு சில நாள்களுக்கும் மது அருந்தக் கூடாது என்பது எச்சரிக்கைகளின் நடுவில் இருந்தது. உடலில் மதுவை முறிக்கும் வேலையை அம்மருந்து தடுத்துவிடுகிறது; சிறிதளவு மதுகூட நஞ்சுபோலத் தாக்கும்.

“குடிப்பழக்கம் இல்லைன்னு எழுதியிருந்தீங்களே, கேட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கேக்கல, சார்.”

அவர் தொலைபேசியை அண்ணன் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். “நானும்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தோட்டக்காரர் ஆண்களை மட்டும் எச்சரித்தார். நான் ஆண்களை மட்டும் கேட்டேன். இருவரும் ஒரே காரணத்தால் ஒரே பிழையைச் செய்தோம். அவராவது தோட்டக்காரர்.

ஐந்து மணிக்கு நோயாளி தெளிந்தார். நடந்ததை அவரிடம் விளக்கும் வேலை என்னுடையது. அரிஷ்டத்தில் மதுவின் கூறு இருக்கிறது என்று நான் சொன்னபோது, பிழைத்த மகிழ்ச்சி அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

“சாராயமா சிஸ்டரு அது?”

“சாராயம் இல்ல. மருந்துதேன். ஆனா அதுல கொஞ்சம் இருக்கு.”

“எம் புருசன் குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தாக. அந்த நாத்தம் வாசப்படி ஏறக் கூடாதுன்னு இருவது வருசமா இருக்கேன்.” அருகிலிருந்த அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “மதினி, நீங்கதேன் எனக்கு ஊத்திக் குடுத்தீக.”

“ஆமா, நாந்தேன் ஒன்னையக் குடிகாரி ஆக்குனேன். பேசாமப் படு.”

அவர் சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். “அதுல என்னையக் குடிக்கிறவன்னு எழுதிருவீகளா?”

பக்கத்தில் ‘இல்லை’ என்று இருந்தது, அது பொய். ‘உண்டு’ என்று எழுதினால் அது இன்னொரு வகைப் பொய். கடைசியில், கட்டத்துக்குள் எழுத வேண்டிய ஒரு சொல்லுக்குப் பதிலாக, பக்கத்தின் ஓர வெளியில் நான்கு வரி எழுதினேன். தெம்புக்காகப் புதன்கிழமைதான் அரிஷ்டம் தொடங்கினார். உணவுக்குப் பின் அருந்தினார். அதில் மது இருப்பது அவருக்குத் தெரியாது. வேறு எக்காலத்தும் மது அருந்தியவர் அல்லர். அதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

“இப்பிடியே இருக்கட்டும். இதுல ஒரு சொல்லக் கூடக் கொறச்சுராதீக” என்றார்.

பழைய ‘இல்லை’யின் மேல் ஒரு கோடு கிழித்தேன். என் கணிப்பின் மேலும் கோடு கிழித்து, சரியானதைக் கீழே எழுதினேன். மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

அவர் பக்கத்தையும் என்னையும் பார்த்தார். “நாளைக்குத்தானே ஒப்படைக்கணும்? இப்படி அடிச்சுத் திருத்தினா ஏத்துக்குவாங்களா? முதல்ல எழுதினது அப்படியே இருந்திருக்கலாம். யாரு உக்காந்து படிக்கப் போறாங்க?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் ஆறு மாதத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவர் சொன்னது உண்மையும்கூட. என் பதிவேட்டின் எந்தப் பக்கத்தையும் எவரும் உட்கார்ந்து படித்ததாக எனக்கு நினைவில்லை.

“அந்தம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாங்க, சார்” என்றேன்.

ஒவ்வொரு கோட்டின் அருகிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடித்தல் திருத்தல் உள்ள பக்கம் செல்லாதும்மா. புதுப் பக்கத்துல எழுதி, புதுசா சீல் வாங்கியாங்க” என்றார்.

“டாக்டர் அந்தக் கோடுகள் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்காரே.”

“அதேன் சொல்றேன். இம்புட்டுக் கையெழுத்து எதுக்கு ஒரு பக்கத்துல? பாக்குறவுக என்ன நெனப்பாக?”

மருத்துவருக்குத் தொலைபேசினேன். ஊருக்குப் போகும் வழியில் இருந்தார், திங்கள்கிழமைதான் திரும்புவார். திங்கள்கிழமை வரை காத்திருக்க அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். துறைத்தலைவியைப் பார்க்கச் சென்றேன், கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடியும்வரை நின்றேன். முடிந்ததும், “ரூல்னு ஒண்ணு இருக்கேம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குச் சென்றார். நோயாளியிடம் கேட்காமல் எழுதிய பக்கம் எவ்விதத் தடையுமின்றிச் சென்றிருக்கும். கேட்டு எழுதிய பக்கம் செல்லாது. இதை அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அலுவலகத்தில் இருந்தவர் மிகுந்த அனுதாபத்துடன் தலையாட்டி, புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நான் அந்தத் தேர்வை எழுதவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் எழுதினேன். அந்த ஆறு மாதமும் என் நாத்தனார் எனக்கு என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ‘முடிந்தது’ என்று நான் அனுப்பிய செய்தியைக் கணவர் ஒருநாளும் நினைவூட்டவில்லை. சாம்பார் வைக்கக் கொஞ்சம் கற்றுக்கொண்டார்.

அடுத்த கவாத்துக் காலத்தில் அந்த அண்ணன் மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் எண்ணை எப்போது வாங்கினார் என்பதே நினைவில்லை. நலம் கேட்டார். மொட்டு மருந்து தொடத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். “இந்தத் தடவ பொம்பளைகளுக்கும் சொல்லிட்டோம் சிஸ்டரு. அரிஷ்டம், டானிக்கு எதுவும் ஒரு வாரத்துக்கு ஆகாதுன்னு. தோட்டக்காரருக்குச் சொல்லக் கூச்சமா இருக்காம். அதேன் நானே சொன்னேன். எங்க நாத்துனாதேன் இன்னும் என்னையப் பாத்தா மொறைக்கிறா.”

இப்போது நான் மேற்படிப்பு முடித்த செவிலி. பழைய தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே வேலை. டாக்டர் எப்போது வருவார் என்று நோயாளிகள் இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். அந்த மூன்று கட்டங்களும் எல்லாப் படிவங்களிலும் இருக்கின்றன. நான் இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன். எண்பது வயது அம்மாவிடமும், நெற்றி நிறையத் திருநீறு பூசியவரிடமும், ஆசிரியையிடமும், என் மாமியாருடைய தோழியிடமும் கேட்கிறேன். குடிப்பீர்களா என்பதோடு நிறுத்தாமல், அரிஷ்டம், டானிக், இருமல் மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது எதுவானாலும் சொல்லுங்கள் என்கிறேன். என்ன வேலை, அதில் எதைத் தொட்டீர்கள், எப்போது தொட்டீர்கள் என்றும் கேட்கிறேன். சிலர் விடை சொல்கிறார்கள். பெரும்பாலோர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வடுகபட்டியிலிருந்து வந்த ஒருவர் சென்ற வாரம், “கேக்குறதப் பாரு, வெக்கங்கெட்டவ” என்று வார்டு முழுவதும் கேட்கச் சொன்னார். இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இப்படித் திட்டு வாங்கிய நாள்களில்தான், அன்றைய வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.